ஒரு கட்டிலில் தொடங்கிய ஊழியம்

கார்த்திகை தீபத்தன்றும் பௌர்ணமி இரவுகளிலும் திருவண்ணாமலையின் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் திரளும் மக்களைக் காண்போர்க்கு, இத்தனை பேருக்கும் நோயுற்றால் இடம் எங்கே என்னும் எண்ணம் எழாமற்போகாது. இங்கு அரசு மருத்துவக் கல்லூரி தோன்றியது 2013இல்தான். அதற்கு முன்னரெல்லாம் உள்ளூரில் தீராத நோய்க்கு நம் மக்கள் போளூர் வழியாக வேலூருக்கே சென்றனர். 1989இல் தனி மாவட்டமாகும்வரை நமக்குத் தலைநகரும் அதுவே. ஆகவே வேலூர் கிறிஸ்தவ மருத்துவமனையின் வளர்ச்சி நமது வரலாறுமாகும்.

திண்டிவனத்தில் ஒரே இரவில், ஆண் மருத்துவரை அழைக்க வீட்டார் இசையாமையால், மூன்று பெண்கள் பிரசவத்தில் மாண்டதும், இளம்பெண் ஐடா ஸ்கடர் மருத்துவராகத் துணிந்ததும் நம் பிரசங்கங்களிற் போதுமான அளவு சொல்லப்பட்டுவிட்டன. பின்னர் நிகழ்ந்ததையே ஈண்டு நோக்குவோம்.

1900இல் அவர் தொடங்கிய சிகிச்சையகத்தில் இருந்தது ஒரே கட்டில். பங்களாவில் வேலைசெய்த சலோமி என்னும் அம்மையாரே உதவியாளர். இரண்டாண்டுகளில் ஏறத்தாழ 5,000 நோயாளிகள் வந்தனர். 1902இல் 40 படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது. அதுவும் நிரம்பியபோது, அடுத்த கட்டடத்தை மட்டுமே எண்ணுவது எவர்க்கும் இயல்பு. டாக்டர் ஐடாவோ சாலையை நோக்கினார். குடியாத்தம் சாலையில் வாரந்தோறும் குறித்த நாளில் சென்று, மரநிழல்களில் காத்திருந்தோர்க்கு மருந்திட்டார். மருத்துவமனைக்கு வர இயலாதவரே மிகவும் நோயுற்றவர் என்பதை அச்சாலை அவருக்குக் கற்பித்தது எனலாம்.

ஒருவர் கைகள் எத்தனை பேரைத் தொடக்கூடும்? 1909இல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. 1918இல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளி அமைந்தது. பெண்கள் முன்வருவார்களா என்று அதிகாரிகள் ஐயுற்றனர். வந்த விண்ணப்பங்களோ 151. முதல் அணியில் 14 பேர் 1922இல் தேறி வெளிவந்தனர். நம் கருத்தில், இம்மருத்துவமனை மெய்யாகவே பெரிதானது இவ்வாண்டில்தான்.

1938இல் வந்த நெருக்கடி வேறுவகையானது. பட்டயப் படிப்பு போதாது, பட்டப் படிப்பே வேண்டும் என்றது அரசு. அதற்கு வேண்டிய பேராசிரியர்களும் படுக்கைகளும் பணமும் பெண்கள் சங்கங்களின் ஆற்றலுக்கு மிஞ்சியவை. ஆண்களையும் சேர்த்தாலன்றிப் பிற மிஷன்களின் ஆதரவு கிட்டாது. அமெரிக்காவில் நெடுங்காலம் துணைநின்ற பெண்மணிகளுட் சிலர் இதை வன்மையாக எதிர்த்தனர். அவர்களைக் குறுகிய மனத்தினர் என்று தள்ளிவிடலாகாது. பெண்களுக்கென்று பெண்கள் ஈந்த காணிக்கை அன்றோ அது! இருப்பினும் 1947இல் ஆண் மாணவர்கள் சேர்க்கப்பட்டனர். தென்னிந்தியத் திருச்சபை ஒன்றிப்பு நிகழ்ந்ததும் அதே ஆண்டில். பல சபைகளின் கூட்டுடைமையாக அது நிலைபெற்றபின், தொழுநோயாளரின் மடங்கிய விரல்களைச் சீர்செய்யும் அறுவைச் சிகிச்சையை டாக்டர் பால் பிராண்ட் அங்கு வளர்த்தார். 1955இல் கரிகிரி தொழுநோய் மையம் தோன்றியது.

புகழ் பரவியது, வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் நோயாளிகள் வந்தனர். இன்று வேலூர்க் கடைத்தெருவில் வங்காள எழுத்தில் பெயர்ப்பலகைகள் தொங்குகின்றன. தூரத்து நோயாளிகளின் நீண்ட வரிசையில் பக்கத்துத் தெருவின் கூலித் தொழிலாளிக்கு இடமுண்டோ? இக்கேள்வியை நிறுவனமே தன்னிடம் கேட்டுக்கொண்டதை நாம் மதிக்கிறோம். 1977இல் கே.வி.குப்பத்தில் ஊரக நலத்திட்டம் தொடங்கப்பட்டது. 1982இல் வேலூர் நகரின் ஏழைகளுக்கென, குறைந்த செலவில் மருத்துவம் செய்யும் தனிப் பிரிவு திறக்கப்பட்டது. அங்கே விலையுயர்ந்த சோதனைகளுக்கு முன் நோயாளியின் வருவாயும் வீடும் கேட்டறியப்படும். நம் மாவட்டத்து ஜவ்வாது மலையின் குக்கிராமங்களுக்கும் வேலூரின் மருத்துவக் குழுக்கள் வாகனத்தில் ஏறிச்செல்கின்றன, குடியாத்தம் சாலையில் அன்று சென்றது போலவே.