கோணல் பட்டைகள்: ஒரு மாடல் விமானத்தின் கதை

இன்னைக்கு எபிசோடை ஒரு அட்டைப் பெட்டியிலிருந்து ஆரம்பிக்கலாம்.

பெட்டிக்குள்ள 1/72 அளவுல ஒரு ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தோட மாடல் கிட். பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து வெட்டி எடுக்க வேண்டிய பாகங்கள், ஒரு செய்முறைத் தாள், தண்ணீரில் நனைத்து ஒட்டும் டெக்கல்கள். 1944 ஜூன் மாதத்து விமானம் என்றால், இறக்கையிலும் உடலிலும் கறுப்பு வெள்ளைப் பட்டைகள் இருக்கும். மூன்று வெள்ளை, இரண்டு கறுப்பு. டெக்கல்ல அது ஸ்கேல் வெச்சுக் கோடு போட்ட மாதிரி அவ்வளவு நேரா இருக்கும்.

ஆனா மாடல் செய்யறவங்க தேடித் தேடிச் சேர்க்கிற பழைய புகைப்படங்களைப் பாருங்க. பல விமானங்கள்ல பட்டை கோணலா இருக்கு, ஓரம் பிசிறடிக்குது. அவசர அவசரமா பிரஷ்ல அடிச்சது நல்லாவே தெரியுது. யாருக்குக் காட்ட இந்தப் பட்டை? எதிரிக்கு இல்லை. சொந்த ஆட்களுக்கு.

கதை 1939 செப்டம்பர் 6-ல் தொடங்குகிறது. பிரிட்டன் போரை அறிவித்து மூன்றே நாள். எதிரி விமானங்கள் வருவதாக ஒரு தவறான எச்சரிக்கை. அதைச் சமாளிக்க ஹரிக்கேன் விமானங்கள் கிளம்பின. பின்னாலேயே வேறொரு படைப்பிரிவின் ஸ்பிட்ஃபயர்களும் வந்தன. தூரத்தில் தெரிந்த ஹரிக்கேன்களை ஜெர்மன் விமானங்கள் என்று நினைத்துச் சுட்டார்கள். இரண்டு விழுந்தன. மாண்டேகு ஹல்ட்டன்-ஹாரப் என்ற விமானி இறந்துபோனார். ஸ்பிட்ஃபயர் முதன்முதலில் சுட்டு வீழ்த்திய விமானம் எதுன்னு கேட்டா, பதில் இதுதான்: தன் நாட்டு விமானம்.

வானத்துல ஒரு புள்ளி. அது நம்ம ஆளா, எதிரியா? முடிவெடுக்கச் சில நொடிதான் இருக்கு. கண்ணுக்கு எப்படிப் பயிற்சி கொடுக்கறது?

1942-ல் அமெரிக்கக் கடற்படை பள்ளி மாணவர்களிடம் உதவி கேட்டது. 50 வகை விமானங்கள், வகைக்கு 10,000 வீதம், மொத்தம் 5 லட்சம் மர மாடல்கள் வேண்டும். பசங்க மரத்தைச் செதுக்கினாங்க, உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சாங்க. வடிவம் வெட்டின அட்டையை மேல வெச்சு, அளவு சரியான்னு பார்த்தாங்க. கடைசியில் முழுக்கக் கறுப்பு பெயின்ட். கொடி, எண், விமானி எதுவும் கிடையாது. தூரத்தில் கண்ணுக்குத் தெரிவது வெளிக்கோடு மட்டும்தானே!

அளவு அதே 1/72. போருக்கு முன்பே, 1936-ல் பிரிட்டனில் வந்த ஃப்ராக் பென்குவின் பிளாஸ்டிக் கிட்களும் இதே அளவுதான். கணக்கு சுலபம்: 6 அடி உயர மனிதர் 1 அங்குலம் ஆகிவிடுவார். 35 அடி தள்ளி இந்த மாடலைத் தொங்கவிட்டால், கிட்டத்தட்ட அரை மைல் தூரத்தில் நிஜ விமானம் எப்படித் தெரியுமோ அப்படித் தெரியும். பீரங்கி வீரர்கள் அதைப் பார்த்து இறக்கை, எஞ்சின், உடல், வால் என்று வரிசையாக அடையாளம் சொல்லப் பழகினார்கள்.

சரி, பிரச்சினை தீர்ந்ததா? இல்லை.

1943 ஜூலை 11, இரவு. இத்தாலியின் சிசிலித் தீவு. 144 அமெரிக்கப் போக்குவரத்து விமானங்கள், உள்ளே 2,000-க்கும் மேற்பட்ட பாராசூட் வீரர்கள். கீழே இருந்த கப்பல்களும் படைகளும் கொஞ்ச நேரம் முன்புதான் ஜெர்மன் குண்டுவீச்சைப் பார்த்திருந்தன. நம் விமானங்கள் வருகின்றன என்ற தகவல் எல்லோருக்கும் போய்ச் சேரவில்லை. ஒரு துப்பாக்கி சுட ஆரம்பித்ததும் மற்றவையும் சேர்ந்துகொண்டன. 23 விமானங்கள் திரும்பவில்லை. இருட்டிலும் பயத்திலும், வகுப்பில் பழகிய வடிவம் யாருக்கு ஞாபகம் வரும்?

அந்த அடிதான் அடுத்த ஆண்டு பட்டையாக மாறியது. நார்மண்டி தரையிறக்கத்துக்கு ஆயிரக்கணக்கான விமானங்கள் ஒரே வானத்தில் பறக்கப் போகின்றன. பட்டை இருந்தால் சுடாதே: விதி அவ்வளவுதான். ரகசியம் கசிந்துவிடக் கூடாதே என்று, பெயின்ட் அடிக்கும் உத்தரவைக் கடைசி சில நாட்கள் வரை தள்ளிப்போட்டார்கள். ஜூன் 6-க்குள் முடிக்கணும். கையில் கிடைத்த பிரஷ்ஷை எடுத்து அடித்தார்கள். கோணல் வராம என்ன செய்யும்?

அதனால, இந்தக் கிட் எப்பவாவது உங்க கைக்கு வந்தா, டெக்கலை ஒட்டறதுக்கு முன்னாடி அந்தப் புகைப்படங்களை ஒரு தடவை பாருங்க. சிலர் வேணும்னே டெக்கலை ஒதுக்கிட்டு, பிரஷ்ல கோணலா அடிக்கறாங்க. பார்க்கிறவங்க 'ஏன் சரியா வரலை?'ன்னு கேட்டா, சிசிலியிலிருந்து கதையை ஆரம்பிக்கலாம்.