வரிசை மாறிய நாற்காலி

1973 ஏப்ரல் 25 மாலை. உச்ச நீதிமன்றத்தின் அடுத்த தலைமை நீதிபதி ஏ.என்.ரே என்று அகில இந்திய வானொலி அறிவித்தது. அவருக்கு முன்னால் பதவி மூப்பில் மூன்று பேர் இருந்தார்கள்: ஜே.எம்.ஷெலத், கே.எஸ்.ஹெக்டே, ஏ.என்.குரோவர். மறுநாள் ரே பதவியேற்றார். மூவரும் ராஜினாமா செய்தார்கள்.

காரணம் தேடி யாரும் அலைய வேண்டியிருக்கவில்லை. அறிவிப்புக்கு முந்தைய நாள்தான் கேசவானந்த பாரதி வழக்கில் தீர்ப்பு வந்திருந்தது. 13 நீதிபதிகள் 68 நாட்கள் கேட்ட வழக்கு அது. நாடாளுமன்றம் அரசமைப்புச் சட்டத்தைத் திருத்தலாம், அதன் அடிப்படைக் கட்டமைப்பைக் குலைக்கக் கூடாது என்று 7-க்கு 6 என்ற கணக்கில் முடிவானது. ஒதுக்கப்பட்ட மூவரும் அந்த ஏழு பேரில் அடக்கம். ரே எதிர்வரிசையில் இருந்தார். 1970-இல் வங்கி தேசியமய வழக்கு, மன்னர் மானிய வழக்கு இரண்டிலும் அரசின் பக்கம் நின்று மாறுபட்ட தீர்ப்பு எழுதியவரும் அவரே.

நாடாளுமன்றத்தில் இந்த நியமனத்துக்காக முழுமூச்சாக வாதாடியவர் ஒரு தமிழர். சென்னை மாகாணத்தின் முன்னாள் முதல்வர் ப.சுப்பராயனின் மகன், அப்போதைய உருக்குத் துறை அமைச்சர் மோகன் குமாரமங்கலம். தலைமை நீதிபதியைத் தேர்ந்தெடுக்கும்போது அவருடைய சமூகப் பார்வையையும் அரசு கணக்கில் எடுக்கலாம் என்பது அவர் வாதம். அடுத்த மாதமே, மே 31-ஆம் தேதி, டெல்லி அருகே நடந்த விமான விபத்தில் அவர் இறந்துபோனார். அவர் வாதம் மட்டும் உயிரோடு இருந்தது.

அதன் விலை என்ன என்பது நெருக்கடி நிலைக் காலத்தில் தெரிந்தது. விசாரணையின்றிக் காவலில் வைக்க வழிசெய்த மிசா சட்டத்தில் அடைக்கப்பட்டவர்கள் நாடெங்கும் ஆட்கொணர்வு மனு போட்டார்கள். ஒன்பது உயர் நீதிமன்றங்கள், அவற்றை விசாரிக்கத் தங்களுக்கு அதிகாரம் உண்டு என்றன. மத்திய அரசு உச்ச நீதிமன்றம் போனது. ரே தலைமையில் ஐந்து நீதிபதிகள் அமர்ந்தார்கள்.

விசாரணையில் நீதிபதி எச்.ஆர்.கன்னா ஒரு கேள்வி கேட்டார். ஒரு காவல் அதிகாரி சொந்தப் பகையால் ஒருவரைக் கொன்றுவிட்டால்கூட நீதிமன்றம் தலையிட முடியாதா? நெருக்கடி நிலை நீடிக்கும்வரை முடியாது என்றுதான் அட்டர்னி ஜெனரல் நிரேன் டே பதில் சொன்னார்.

1976 ஏப்ரல் 28 அன்று தீர்ப்பு வந்தது. நால்வர் அரசின் பக்கம். கன்னா மட்டும் எதிர்ப்பக்கம். தமிழ்நாட்டில் அந்த ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டதும் மிசாவில் பிடிபட்டவர்களுக்கும் நீதிமன்றக் கதவு அடைபட்டது.

தன் மாறுபட்ட தீர்ப்பால் தலைமை நீதிபதி பதவி கைநழுவும் என்று கன்னாவுக்கு முன்பே தெரியும். தங்கையிடம் சொல்லியும் இருந்தார். அப்படியே ஆனது. 1977 ஜனவரியில் ரே ஓய்வுபெற்றபோது மூப்பில் அடுத்தவர் கன்னா. அவரைத் தாண்டி எம்.எச்.பெக் நியமிக்கப்பட்டார். கன்னா ராஜினாமா செய்தார்.

இத்தனைக்கும் அரசமைப்புச் சட்டம் நீதிபதிகளுக்குப் பாதுகாப்பே தரவில்லை என்று சொல்ல முடியாது. 65 வயதுவரை பதவி உறுதி. நீக்க வேண்டுமானால் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மூன்றில் இரு பங்கு ஆதரவு வேண்டும். சம்பளம் தொகுப்பு நிதியின் மீது நேரடியாகச் சாட்டப்பட்ட செலவு என்பதால் அது நாடாளுமன்ற வாக்கெடுப்புக்கு வராது. இவ்வளவு கவனமாகக் கட்டிய வீட்டில் திறந்து கிடந்த வாசல், தலைமை நீதிபதி நியமனம். அங்கே காவல் நின்றது மூப்பு என்ற வழக்கம் மட்டுமே.

பிறகு சில வாசல்கள் மூடப்பட்டன. 1978-இன் 44-ஆவது திருத்தம், நெருக்கடி நிலையிலும் உயிர், தனிமனித சுதந்திர உரிமையை நிறுத்திவைக்க முடியாது என்றது. 1993 தீர்ப்பு, நீதிபதிகளைத் தேர்வு செய்வதில் மூத்த நீதிபதிகளின் குழுவான கொலீஜியத்துக்கு முதன்மை தந்தது. 2017-இல் அந்தரங்க உரிமை வழக்கின் ஒன்பது நீதிபதி அமர்வு, 1976 தீர்ப்பைத் தவறென்று தள்ளியது. 1976-இல் அரசின் பக்கம் நின்ற ஒய்.வி.சந்திரசூட்டின் மகன் டி.ஒய்.சந்திரசூட்தான் அதை எழுதினார்.

கன்னாவுக்குப் பிறகு தலைமை நீதிபதி நியமனத்தில் எந்த அரசும் மூப்பை மீறவில்லை. ஆனால் மூப்புப்படிதான் நியமிக்க வேண்டும் என்ற விதி, அரசமைப்புச் சட்டத்தின் 124-ஆவது பிரிவில் இன்றுவரை சேர்க்கப்படவில்லை.

(தொடரும்)