ஆஸ்கரும் மலாவி மீனும் ஒரே தொட்டியில் வளருமா? சிக்லிட் வாங்கும் முன் இதைத் தெரிஞ்சுக்கோங்க!

வண்ணமீன் கடைக்குப் போனால் 'ஆஸ்கர்', 'ஏஞ்சல்', 'ஃப்ளவர்ஹார்ன்', 'மலாவி' என அடுத்தடுத்த தொட்டிகளில் நீந்திக்கொண்டிருக்கும். இவை எல்லாமே சிக்லிட் குடும்பம்தான். "ஒரே குடும்பம்தானே, ரெண்டு இதுல, ரெண்டு அதுல போடுங்க" என்று வாங்கி வந்து ஒரே தொட்டியில் விடுகிறோம். சில வாரங்களில் ஒன்று செத்து மிதக்கிறது, இன்னொன்றின் வால் கிழிந்து கிடக்கிறது. எங்கே தப்பு நடக்குது? பார்க்கலாம்.

சிக்லிட் என்றால் என்ன?

நமக்குப் புதுசு இல்லை. மார்க்கெட்டில் வாங்குற ஜிலேபி கெண்டையும், கேரளாவின் கரிமீனும் சிக்லிட்தான். ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, மத்திய அமெரிக்கா, இந்தியா, இலங்கை எனப் பல இடங்களில் இந்தக் குடும்ப மீன்கள் உண்டு. ஆனால் அவை வாழும் தண்ணீர் ஒன்றல்ல.

தண்ணீர்தான் முதல் சிக்கல்

கிழக்கு ஆப்பிரிக்காவின் மலாவி ஏரித் தண்ணீர் காரத்தன்மை கொண்டது. அதன் பி.எச். அளவு சுமார் 7.8 முதல் 8.6 வரை. டாங்கனிக்கா ஏரியில் அது 9-ஐ நெருங்கும். ஆனால் டிஸ்கஸ் மீனின் சொந்த ஊரான அமேசான் பகுதியில் மென்மையான, அமிலத்தன்மை உள்ள தண்ணீர். டிஸ்கஸுக்கு 28 முதல் 30 டிகிரி வெப்பமும் வேண்டும். மலாவி மீன்களுக்கு 24 முதல் 27 டிகிரி போதும்.

பி.எச். 7-க்கும் 8-க்கும் ஒரு எண்தானே வித்தியாசம் என நினைக்காதீங்க. மீன் கழிவில் இருந்து வரும் அமோனியாவில் விஷமான பகுதி, பி.எச். ஒன்று கூடினால் சுமார் 10 மடங்கு ஆகும். அதனால் மலாவிக்காக பி.எச்.-ஐ ஏற்றும் தொட்டியில் ஃபில்டர் கொஞ்சம் சொதப்பினாலும் ஆபத்து.

'பண்ணை மீன் தாக்குப்பிடிக்குமே?'

உண்மைதான். பண்ணையில் பிறந்த ஆஸ்கர், ஏஞ்சல் போன்றவை பி.எச். 7.5 வரை சமாளிக்கும். மலாவி மீன்களும் அந்த அளவில் உயிரோடு இருக்கும். அப்போ கலக்கலாமே? இங்கேதான் பலரும் ஏமாறுறாங்க. தண்ணீர் ஒத்துப்போனாலும், சாப்பாடும் குணமும் ஒத்துப்போகாது.

சாப்பாடு: மலாவியின் 'எம்புனா' வகைகளில் பெரும்பாலானவை பாறையில் படியும் பாசியை மேய்பவை. ஸ்பைருலினா கலந்த தீவனம் இவற்றுக்கு நல்லது. ஆஸ்கர் இறால், புழு, சின்ன மீன் எனப் புரதம் தேடும். ஆஸ்கருக்குப் போடுவதையே எம்புனாவும் தினமும் தின்றால், வயிறு ஊதிச் சாகும் 'மலாவி ப்ளோட்' வரும் அபாயம் அதிகம்.

குணம்: எம்புனா மீன்கள் இடத்துக்காக ஓயாமல் விரட்டும், கடிக்கும். நீளத் துடுப்போடு மெதுவாக நீந்தும் ஏஞ்சலும், கூச்ச சுபாவமுள்ள டிஸ்கஸும் இதைத் தாங்காது. இன்னொரு பக்கம், ஆஸ்கர் ஓர் அடி வரை வளரும். வாய்க்குள் அடங்கும் எதையும் விழுங்கிவிடும்.

அப்போ எதை எதோடு வளர்க்கலாம்?

* மலாவி மீன்கள் தனித் தொட்டியில். குறைந்தது 4 அடி நீளம், நிறைய பாறை இடுக்குகள், நல்ல ஃபில்டர்.
* ஆஸ்கருடன் செவரம் போன்ற ஓரளவு பெரிய தென் அமெரிக்க மீன்கள். தொட்டி பெரிதாக இருக்கணும்.
* டிஸ்கஸுடன் அதே வெப்பத்தைத் தாங்கும் சாதுவான சின்ன மீன்கள்.
* ஃப்ளவர்ஹார்ன் தனியாகத்தான்.

முதலில் உங்க வீட்டுத் தண்ணீரைச் சோதிச்சுப் பாருங்க. போர் தண்ணீர் கடினமாக இருந்தால் மலாவி மீன்கள் எளிது. அதே தண்ணீரில் டிஸ்கஸ் வளர்க்க ஆர்.ஓ. தண்ணீர் கலக்க வேண்டியிருக்கும். தண்ணீருக்கு ஏற்ற மீனைத் தேர்ந்தெடுத்தால் பாதிச் செலவு மிச்சம்.

ஏற்கெனவே கலந்துட்டீங்களா?

பதற வேண்டாம். துரத்தும் மீனையோ, அடிபடும் மீனையோ வேறு தொட்டிக்கு மாற்றுங்க. புதுத் தண்ணீரை ஒரேயடியாக ஊற்றாமல், கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து பழக்கணும். இடம் இல்லையென்றால் கடையிலோ, வளர்க்கும் நண்பரிடமோ கொடுத்துடுங்க.

ஏரியிலோ குளத்திலோ மட்டும் விடவே கூடாது. 1952-ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட ஜிலேபி கெண்டை இன்று நம்ம நீர்நிலைகளில் பெருகி, உள்ளூர் மீன்களின் இடத்தையும் இரையையும் பறித்துக்கொண்டிருக்கிறது. அதுவும் ஒரு சிக்லிட்தான்!

அடுத்த முறை கடையில் "இது என்ன விலை?" என்று கேட்கும் முன், "இது எந்த ஊர் மீன்?" என்று கேளுங்க.