மீட்டும் சோடாவும்: ஒரு பழைய வழக்கு

குஜராத் வந்த புதுசில் பக்கத்து வீட்டு அம்மா கிண்ணத்தை நீட்டி "மீட்டு" கேட்டாங்க. நமக்குத் தெரிஞ்ச அரைகுறை ஹிந்தியில் மீட்டா என்றால் இனிப்பாச்சே! சர்க்கரையை அள்ளிப் போட்டேன். குஜராத்தியில் மீட்டு என்றால் உப்பாம். தெருவே சிரிச்சது.

மிதாப்பூர் என்ற ஊர்ப்பெயருக்கும் அதுதான் அர்த்தம், உப்பூர். 1939-ல் தொடங்கிய டாடா கெமிக்கல்ஸின் ஊர். உப்பையும் சுண்ணாம்புக்கல்லையும் வைத்து அங்கே சோடா ஆஷ் செய்கிறார்கள். சோடா ஆஷ் வேறொன்றுமில்லை, நம்ம சலவை சோடாதான். கண்ணாடிக்கும் சோப்புத்தூளுக்கும் அது இல்லாமல் ஆகாது.

அமெரிக்காவின் வயோமிங்கில் இந்தக் கஷ்டமே இல்லை. ட்ரோனா என்ற கனிமத்தை வெட்டி, சுத்தம் செய்தால் போதும். நம்ம வண்ணார்கள் துணி வெளுத்த உவர்மண்ணுக்குப் பெரியண்ணன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். செலவு குறைவு. அங்குள்ள கம்பெனிகள் அன்சாக் என்ற பெயரில் ஒன்றுகூடி ஏற்றுமதி செய்தன. 1996-ல் அந்தச் சரக்கு இங்கே வரப் பார்த்ததும், இந்திய ஆல்கலி உற்பத்தியாளர் சங்கம் எம்.ஆர்.டி.பி. கமிஷனுக்குப் போய் இடைக்காலத் தடை வாங்கியது. இறக்குமதியை நிறுத்தும் அதிகாரம் கமிஷனுக்குக் கிடையாது என்று 2002-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மிஞ்சியது ஆன்டி-டம்பிங் வரி. 1992-ல் பி.வி.சி. ரெசினில் தொடங்கிய விசாரணைகள் இவை. சொந்த நாட்டில் விற்பதைவிடக் குறைந்த விலைக்கு இங்கே தள்ளுகிறார்களா, அதனால் உள்ளூர் ஆலைக்குச் சேதமா என்று வர்த்தக அமைச்சகம் கணக்குப் பார்த்துப் பரிந்துரைக்கும். வரி போடுவது நிதி அமைச்சகம்.

கதை திரும்புவது இங்கேதான். டாடா கெமிக்கல்ஸ் 2005-ல் பிரிட்டனின் பிரன்னர் மாண்டை வாங்கியது, கூடவே கென்யாவின் மகாடி ஏரியும் வந்தது. 2008-ல் சுமார் 100 கோடி டாலருக்கு அந்த வயோமிங்கிலேயே ஒரு சுரங்கக் கம்பெனி! 2012-ல் சோடா ஆஷுக்கு வரி போட்டபோது பட்டியலில் சீனா, பாகிஸ்தான், ஈரான், உக்ரைன், ஐரோப்பிய யூனியனோடு அமெரிக்காவும் கென்யாவும் இருந்தன. வெளிநாட்டு ஏற்றுமதியாளரோடு உறவுள்ள உற்பத்தியாளரை 'உள்நாட்டுத் தொழில்' கணக்கிலிருந்து விலக்கலாம் என்கிறது 1995 விதி. கவனியுங்கள், விலக்க'லாம்'. எது உள்நாடு என்பதே வழக்காகிவிடுகிறது.

வாங்கிப் பயன்படுத்துகிறவன் சேதத்துக்கு அந்தக் கணக்கில் கட்டம் கிடையாது. எனக்கு உறுத்துவது அதுதான். ஆனால் ஆலைப் பக்கத்தையும் என்னால் தள்ளிவிட முடியவில்லை. எங்க ஊர் தூத்துக்குடி. அங்கேயும் சோடா ஆஷ் ஆலை உண்டு, சித்தப்பா வேலை பார்த்தது அதில்தான். உற்பத்தி நின்ற மாதங்களில் அந்த வீட்டில் எப்படி அடுப்பெரிந்தது என்று எனக்குத் தெரியும்.

2012 ஜூலையில் அவரே போன் பண்ணினார். "ஏலே, வரி போட்டுட்டானாம்லா! இனி பொழச்சுக்கிடலாம்."

"நல்லது சித்தப்பா" என்றேன். அப்போது நான் ஒரு சின்ன சோப்புத்தூள் கம்பெனியில் காஸ்ட் அக்கவுண்டன்ட். விலையை ஏற்றாமல் சமாளிக்க, தூளில் சோடா ஆஷை எவ்வளவு குறைத்து உப்பை எவ்வளவு கூட்டலாம் என்ற தாள் என் மேஜைமேல் இருந்தது.