மரை பொருந்தினாத்தான் காத்து நிக்கும்: ஒரு பஞ்சர் கடையும் ரெண்டு நாட்டு மரையும்

யாராவது ஏடாகூடமா பேசினா "மரை கழண்டுடுச்சா?"ன்னு கேப்போம் இல்லையா, இன்னிக்கு எபிசோடு அந்த மரையைப் பத்தித்தான்.

சேலத்துல இருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, ஏற்காட்டுல தலைச்சோலைப் பக்கம் ஒரு பஞ்சர் கடை போடறீங்கன்னு வெச்சுக்குவோம். கம்ப்ரசர், ஜிஐ பைப், எல்போ, நிப்பிள் எல்லாம் சேலத்துல வாங்கியாச்சு. குயிக் கப்ளர் மட்டும் ஆன்லைன்ல வெளிநாட்டுச் சரக்கு. கால் இஞ்ச், இதுவும் கால் இஞ்ச். ஆனா ரெண்டு மூணு சுத்து போனதும் இறுகிடுது. ஸ்பேனர் போட்டு முறுக்கினாலும் "உஸ்ஸ்"னு காத்து போகுது. இதுல உங்க கைமேல தப்பில்ல. தப்பு 19-ஆம் நூற்றாண்டுல இருக்கு.

அதுவரைக்கும் ஒவ்வொரு பட்டறையும் தனக்குப் பிடிச்ச மாதிரி மரை வெட்டிக்கிட்டிருந்தது. இங்கிலாந்துல ஜோசப் விட்வொர்த் பல பட்டறைகளோட திருகாணிகளைச் சேர்த்து அளந்து, ஒரு பொது அளவை 1841-ல் முன்வைத்தார். மரையோட கோணம் 55 டிகிரி. பின்னாடி வந்த பிரிட்டிஷ் பைப் மரையும் அதே கோணத்தை எடுத்துக்கிட்டது. இதைத்தான் கடையில பி.எஸ்.பி.ன்னு சொல்றாங்க. அமெரிக்காவுல ராபர்ட் பிரிக்ஸ் பைப்புக்குன்னு தனியா ஒரு மரை வகுத்தார். 1886-ல் அது அங்கே பொதுத் தரமாச்சு. அதுல கோணம் 60 டிகிரி. இன்னிக்கு அதுக்குப் பேரு என்.பி.டி.

இஞ்சுக்கு எத்தனை மரைன்னு பாருங்க. கால் இஞ்சுல பி.எஸ்.பி. 19, என்.பி.டி. 18. அதான் சிக்கிக்குது. அரை இஞ்சுல ரெண்டுமே 14. இதுதான் பெரிய ஏமாத்து வேலை! நல்லா ஏறிடும், பொருந்தின மாதிரியே தெரியும். ஆனா கோணமும் விட்டமும் வேற. டெஃப்லான் டேப் எத்தனை சுத்து சுத்தினாலும் அந்த வித்தியாசத்தை நம்பகமா அடைக்காது.

பிரிட்டிஷ் காலத்துல பைப்போட அந்த மரையும் இங்கே வந்துச்சு. 1956-ல் மெட்ரிக் அளவுக்குச் சட்டம் போட்டோம். ஆனா பைப் மட்டும் இஞ்சை விடல. இன்றைய இந்தியத் தரம் ஐ.எஸ். 554 அதே 55 டிகிரி வழிதான். இன்னொரு வேடிக்கை: "அரை இஞ்ச்" பைப்பை வெளியே அளந்தா ஏறக்குறைய 21 மில்லிமீட்டர். அந்தப் பேரு உள்விட்டத்தை வெச்சு வந்தது. அதனால டேப்பால அளந்து வாங்காதீங்க, பழைய பீஸைக் கையோட எடுத்துட்டுப் போங்க.

காத்தைப் பைப்புல தூரமா கொண்டுபோகலாம்னு உலகம் நம்பினது ஆல்ப்ஸ் மலையில. மோன் செனி ரயில் சுரங்கத்துல 1861 முதல் அழுத்தக் காத்துல ஓடுற துளைப்பான்களை இறக்கினாங்க. வெளியே அழுத்தின காத்து, பைப் வழியா மலைக்குள்ளே போச்சு. சுரங்கம் 1871-ல் திறந்தது. உங்க கடையில ஓடுறது அதே யோசனையோட குட்டி வடிவம்.

ஒழுகினா என்ன, காத்துதானேன்னு நினைக்காதீங்க. ஏழு பார் அழுத்தத்துல 3 மில்லிமீட்டர் ஓட்டை வழியா நொடிக்கு சுமார் 11 லிட்டர் காத்து போயிடும். ஒரு 5 ஹெச்.பி. கம்ப்ரசர் தர்ற மொத்தக் காத்துமே கிட்டத்தட்ட அவ்வளவுதான். அதுலயும் ஏற்காடு கடல் மட்டத்துல இருந்து சுமார் 1,500 மீட்டர் உயரம். அங்கே காத்தழுத்தமே ஆறுல ஒரு பங்கு குறைவு. சேலத்துல போதுமா இருந்த மெஷின் மேலே வந்தா மூச்சு வாங்கும். மூடுபனி ஊர் வேற, டேங்குல தண்ணி சேரும். அதனால தினமும் ட்ரெயின் வால்வைத் திறந்து விடுங்க. லைனைக் கொஞ்சம் சரிவா போட்டு, கிளைப் பைப்பை மேல்பக்கமா எடுத்து வளைச்சு இறக்குங்க. கம்ப்ரசர் அதிருது, அதனால அதுக்கும் பைப்புக்கும் நடுவுல ஒரு ஹோஸ் இருக்கணும்.

கடைசியா, இதுதான் முக்கியம். விலை மலிவுன்னு பிவிசி பைப் போடவே போடாதீங்க. தண்ணிப் பைப் உடைஞ்சா தண்ணி கொட்டும், அவ்வளவுதான். அழுத்தின காத்து சுருள்வில் மாதிரி சக்தியைத் தேக்கி வெச்சிருக்கும். பிவிசி உடைஞ்சா கண்ணாடிச் சில்லு மாதிரி தெறிக்கும். அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை இதை 1988-லேயே எச்சரிச்சிருக்கு. நீலக் கோடு போட்ட 'பி' கிளாஸ் ஜிஐ பைப் போதும். டேங்குக்கும் சேஃப்டி வால்வுக்கும் நடுவுல மட்டும் எந்த வால்வும் வரக்கூடாது.

எல்லாம் மாட்டின பிறகு சோப்புத் தண்ணியை ஒவ்வொரு ஜாயின்ட்லயும் தடவுங்க. குமிழி வரலைன்னா, ரெண்டு நாட்டுச் சண்டை உங்க கடைக்குள்ளே வரலைன்னு அர்த்தம். அடுத்த எபிசோடுல சந்திப்போம்.