ஒரு பெர்த், பல கணினிகள்: ரயில் முன்பதிவின் கதை

சங்கரன்கோவில் என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது சங்கரநாராயணர்தான். ஒரு பாதி சிவன், மறு பாதி திருமால். இருவரில் யார் பெரியவர் என்று சங்கன், பதுமன் என்ற இரண்டு நாக அரசர்கள் சண்டை போட, இருவரும் ஒன்றே என்று காட்டும்படி கோமதி அம்மன் தவமிருந்ததாகத் தலபுராணம் சொல்கிறது. ஆடித்தபசுத் திருவிழா அதன் நினைவாக நடப்பதுதான்.

அதே ஊரின் ரயில் நிலையத்திலும் ஏறக்குறைய இதே பிரச்சினை வேறு வடிவத்தில் உண்டு. செங்கோட்டையிலிருந்து சென்னை எழும்பூர் போகும் பொதிகை எக்ஸ்பிரஸில் ஒரே ஒரு பெர்த் மீதி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். சங்கரன்கோவில் கவுண்டரில் ஒருவர் கேட்கிறார். அதே நொடியில் ராஜபாளையத்தில் இன்னொருவரும், எழும்பூரில் மூன்றாமவரும் கேட்கிறார்கள். பின்னால் இருக்கும் கணினிகளோ ஒன்றல்ல, பல. அத்தனை கணினிகளும் சேர்ந்து அந்தப் பெர்த்தை ஒருவருக்கு மட்டும் கொடுப்பது எப்படி? இந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில்தான் பொதுச் சேமிப்பகமும் கிளஸ்டரும்.

நோட்டுப் புத்தகக் காலம்

கணினி வருவதற்கு முன்பு ஒவ்வொரு ரயிலுக்கும், ஒவ்வொரு தேதிக்கும் ஒரு பதிவேடு இருந்தது. பதிவேடு ஒன்றுதான், ஒரு நேரத்தில் ஒரு குமாஸ்தாதான் அதில் எழுத முடியும். ஆகவே ஒரே பெர்த்தில் இரண்டு பெயர் எழுதப்படும் வாய்ப்பு குறைவு. ஆனால் அந்தப் பதிவேடு ஒரு ஊரில் மட்டுமே இருக்கும். மற்ற ஊர்க்காரர்கள் என்ன செய்வது?

அதற்கு ரயில்வே கண்ட வழி கோட்டா. ஒவ்வொரு நிலையத்துக்கும் இத்தனை இடம் என்று முன்கூட்டியே பிரித்துக் கொடுத்துவிட்டார்கள். இதில் ஒரு சிக்கல்: ஒரு ஊரில் கோட்டா காலியாகக் கிடக்கும், பக்கத்து ஊரில் ஜனங்கள் இடமில்லாமல் திரும்புவார்கள். திரும்பி வரும் பயணத்துக்கு இடம் வேண்டும் என்றால் தந்தி அடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

கணினி வந்தது

1978-ல் ஐ.பி.எம். நிறுவனம் இந்தியாவை விட்டு வெளியேறியது. அது விட்டுச்சென்ற கணினிகளைப் பராமரிக்கும் வேலையை ஏற்றது சி.எம்.சி. என்ற அரசு நிறுவனம். இதே சி.எம்.சி.யும் ரயில்வேயும் சேர்ந்து உருவாக்கிய முன்பதிவு மென்பொருளின் பெயர் இம்ப்ரெஸ். 1985-ல் டெல்லியில் அது தொடங்கியது. 1980-களின் முடிவுக்குள் மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய நகரங்களுக்கும் கணினி முன்பதிவு வந்துவிட்டது. ரயில்வேயின் கணினிப் பணிகளுக்கென்றே கிரிஸ் என்ற அமைப்பு 1986-ல் தொடங்கப்பட்டது.

இம்ப்ரெஸ் ஓடியது அமெரிக்காவின் டிஜிட்டல் எக்யுப்மென்ட் கார்ப்பரேஷன் தயாரித்த வாக்ஸ் கணினிகளில். இயங்குதளத்தின் பெயர் வி.எம்.எஸ். இங்கேதான் கதை சுவாரஸ்யமாகிறது.

பல கணினி, ஒரே வட்டு

அதுவரை ஒரு கணினி என்றால் அதற்கென்று ஒரு வட்டு. கணினி படுத்துவிட்டால் வட்டில் உள்ள தகவலும் யாருக்கும் எட்டாது. 1983-ல் டிஜிட்டல் நிறுவனம் வாக்ஸ் கிளஸ்டர் என்ற புதிய ஏற்பாட்டை அறிவித்தது. வட்டுகளைக் கணினியிலிருந்து பிரித்து, அவற்றுக்கென்று தனியாக ஒரு கட்டுப்பாட்டுக் கருவியை வைத்தார்கள். கணினிகள், வட்டுக் கட்டுப்பாட்டுக் கருவிகள் எல்லாமாகப் பதினாறு வரை ஒரு நட்சத்திர இணைப்பின் வழியாகச் சேரலாம். வேகம் நொடிக்கு 70 மெகாபிட். இன்று வீட்டு பிராட்பேண்டே அதைவிட வேகம். அன்று அது பெரிய விஷயம்!

இதனால் கிடைத்த லாபம் தெளிவானது. ஒரு கணினி நின்றாலும் மற்றொன்று அதே வட்டிலிருந்து வேலையைத் தொடரலாம். ஆனால் வட்டைப் பொதுவாக்கியதால் ஒரு ஆபத்தும் வந்தது. இரண்டு கணினிகள் ஒரே பெர்த்தை ஒரே நேரத்தில் படித்து, "காலி" என்று பார்த்து, இரண்டும் ஆளுக்கொரு பெயரை எழுதினால்? பிந்தி எழுதியதுதான் நிற்கும். ஆனால் டிக்கெட் இரண்டு பேர் கையிலும் இருக்கும்.

இதற்குத் தீர்வு பூட்டு. எழுத விரும்பும் கணினி முதலில் அந்தப் பதிவுக்குப் பூட்டு கேட்க வேண்டும். கிடைத்த பிறகே படித்து, எழுதி, பூட்டை விட வேண்டும். மற்றது அதுவரை வரிசையில் நிற்கும். இந்தப் பூட்டுகளின் கணக்கை ஒரே கணினி வைத்திருந்தால் அது விழும்போது எல்லாம் விழும். அதனால் எல்லாக் கணினிகளும் கணக்கைப் பங்கிட்டுக்கொண்டன.

இன்னொரு ஆபத்தும் உண்டு. இரண்டு கணினிகளுக்கு இடையே உள்ள கம்பி அறுந்துவிட்டது. ஒவ்வொன்றும் மற்றது செத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு வட்டில் தன்னிச்சையாக எழுத ஆரம்பித்தால் தகவல் முழுவதும் நாசம். இதற்காக ஓட்டுமுறை வந்தது. பெரும்பான்மை ஓட்டு உள்ள பக்கம் மட்டுமே தொடரலாம்; மற்றது நின்றுவிட வேண்டும். இரண்டே கணினி என்றால் ஆளுக்கு ஒரு ஓட்டு, சமன் ஆகிவிடுமே? அதற்குப் பொதுவட்டுக்கே ஒரு ஓட்டு கொடுத்தார்கள். வட்டைப் பிடித்த பக்கம் ஜெயிக்கும். தவறாக எழுதுவதைவிட எழுதாமல் நிற்பது மேல் என்பதுதான் இதன் அடிப்படை.

ஐந்து நகரங்கள், ஒரே வலை

ஆனால் ஒரு நகரத்தின் கணினிக்கு இன்னொரு நகரத்தின் ரயில் தெரியாது. இதைச் சரிசெய்ய கிரிஸ் உருவாக்கியது கான்செர்ட் என்ற மென்பொருள். 1994-ல் செகந்திராபாத்தில் தொடங்கி, 1999-ல் ஐந்து மையங்களும் ஒரே வலையில் இணைந்தன.

இங்கே ரயில்வே ஒரு புத்திசாலித்தனம் செய்தது. நாட்டின் எல்லா ரயில்களையும் ஒரே வட்டில் போடவில்லை. ரயில்களை ஐந்து மையங்களுக்கும் பிரித்துக் கொடுத்தது. தெற்கே கிளம்பும் ரயிலின் கணக்கு சென்னையில், டெல்லி ரயிலின் கணக்கு டெல்லியில். சங்கரன்கோவில் கவுண்டரில் டெல்லி ரயிலுக்கு டிக்கெட் கேட்டால் கோரிக்கை சென்னை வழியாக டெல்லிக்குப் போய்த் திரும்பும். ஒவ்வொரு பெர்த்துக்கும் உண்மையான கணக்கு ஒரே இடத்தில்தான். பழைய பதிவேட்டின் விதி அப்படியே இருக்கிறது. பதிவேடு மட்டும் எல்லா ஊருக்கும் எட்டுகிறது.

2002-ல் ஐ.ஆர்.சி.டி.சி. இணையத்தில் டிக்கெட் விற்கத் தொடங்கியபோதும் பின்னால் இருந்தது இதே கணக்குதான். அதே காலத்தில் ஆரக்கிள் போன்ற நிறுவனங்கள் இதே யோசனையை எல்லோருக்கும் கொண்டுவந்தன. 2001-ல் வந்த ஆரக்கிள் ரேக் தரவுத்தளம், பல சர்வர்கள் ஒரே பொதுச் சேமிப்பில் எழுதும் முறையைச் சேர்ந்ததுதான். அதன் முன்னோடி முதலில் ஓடியதும் வாக்ஸ் கிளஸ்டரிலேயே.

டிஜிட்டல் நிறுவனம் 1998-ல் காம்பாக்கிடம் போனது, 2002-ல் காம்பாக் எச்.பி.யிடம் போனது. ஆனால் வி.எம்.எஸ். வாழ்ந்தது. 2010-ல் நிறுவப்பட்ட முன்பதிவு அமைப்பும் இடானியம் சர்வர்களில் ஓபன் வி.எம்.எஸ்.-ல்தான் ஓடியது. நிமிடத்துக்கு 32,000 டிக்கெட் என்ற திறனை 1.5 லட்சத்துக்கும் மேலாக உயர்த்தும் புதிய அமைப்பு வரும் என்று 2025-ல் ரயில்வே அறிவித்தது.

இத்தனைக்குப் பிறகும் பொங்கலுக்கு முன்பதிவு திறந்த காலை எட்டு மணிக்குச் சில நிமிடங்களில் வெயிட்டிங் லிஸ்ட் வந்துவிடுகிறதே என்று கேட்கலாம். கணினி செய்வது ஒரு பெர்த்தை ஒருவருக்கு மட்டும், வந்த வரிசைப்படி, கொடுப்பது. அதை நாற்பது ஆண்டுகளாக ஓரளவு நியாயமாகவே செய்துவருகிறது. இல்லாத பெர்த்தை உண்டாக்க எந்த சர்வராலும் முடியாது. அதற்குத் தேவை இன்னொரு ரயில்!