பூட்டாசாரியின் வம்சாவளி: திண்டுக்கல்லில் ஒரு தேடல்

திண்டுக்கல் பூட்டின் தொடக்கத்தைக் கேட்டால், சங்கரலிங்க ஆசாரி சகோதரர்கள் என்ற பெயரில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். மாங்காய்ப் பூட்டை முதலில் செய்தவராகப் பரட்டை ஆசாரியைச் சொல்வதும் உண்டு. வாய்மொழி வரலாறு பெரும்பாலும் அத்துடன் நின்றுவிடுகிறது. அவர்கள் காலத்தை ஒட்டிப் பக்கத்துப் பட்டறையில் அரம் பிடித்தவர் யார்? அவர் மகன் யாரிடம் தொழில் கற்றான்? 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வாழ்ந்த அத்தகைய ஒரு பூட்டாசாரியின் குடும்பத்தை எந்தத் தடயங்களைக் கொண்டு மீட்கலாம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

1755இல் திண்டுக்கல் ஃபவுஜ்தாராக வந்த ஹைதர் அலி, பிரெஞ்சுக்காரர் உதவியுடன் இங்கே ஆயுதச்சாலை அமைத்தார். பூட்டுத் தொழிலை அதன் வழிவந்ததாகக் காட்ட ஆசை எழுவது இயல்பு. ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட இடைவெளியை ஊர்ப்பெருமையால் மட்டும் நிரப்புவது ஆய்வாகாது. 1866இல் நகராட்சியும் 1875இல் ரயிலும் வந்தபின் புகையிலைக் கிடங்கு, சுருட்டுத் தொழிற்சாலை, தோல் ஷாப் என்று ஊர் பெருகியதே எனக்கு வலுவான காரணமாகப் படுகிறது. சரக்கு சேரும் இடத்தில் பூட்டுக்குத் தேவை இருக்கும்.

கனடாவின் மேற்குப் புல்வெளி மாகாணங்களில் அதே காலத்தில் வாழ்ந்த ஒரு கொல்லரைத் தேடுபவருக்கு 1906, 1916 கணக்கெடுப்புகளின் வீட்டுப் பட்டியல்கள் பெயர், வயது விவரங்களோடு கிடைக்கின்றன. நம்முடைய 1911 கணக்கெடுப்பில் எண்ணிக்கை அட்டவணைகள்தாம் மிஞ்சின. வீடுவீடாக எழுதிய தாள்கள் பாதுகாக்கப்படவில்லை. ஆகவே இங்கே வேறு கதவுகளைத் தட்ட வேண்டும்.

முதற்கதவு, 1899ஆம் ஆண்டுச் சென்னை மாகாணச் சட்டத்தின் கீழ் எழுதப்பட்ட பிறப்பு, இறப்புப் பதிவேடு. பிறப்பைப் பெயர் சூட்டுவதற்கு முன்பே பதிந்துவிடும் வழக்கம் இருந்ததால் பல வரிகளில் குழந்தையின் பெயர் இராது. தகப்பன் பெயரையும் தெருவையும் கொண்டே தேட வேண்டியிருக்கும். தகப்பன் பெயரிலும் ஒரு சிக்கல். தாத்தாவின் பெயரைத் தாங்குவதால்தான் பெயரன், பேரன் என்கிறோம். நாற்பது ஐம்பது ஆண்டு இடைவெளியில் ஒரே தெருவில் இரு சங்கரலிங்கங்கள் தென்பட்டால் அவர்கள் பாட்டனும் பேரனுமாக இருக்கலாம்; ஒருவராகவே எண்ணிவிட்டால் நடுவிலுள்ள தலைமுறை மறைந்துபோகும். பரட்டை போன்ற பட்டப்பெயர்கள் இன்னும் சோதிப்பவை. ஊர் அழைத்த பெயர் ஒன்று, ஏட்டில் ஏறிய பெயர் வேறொன்றாக இருக்கும்.

இரண்டாவது, சார்பதிவாளர் அலுவலகத்துப் பத்திரங்கள். என் மதிப்பில் இவையே மிகச் செழிப்பானவை. 'இன்னார் மகன் இன்னார்' என்று இரண்டு தலைமுறையை ஒரே வரியில் தருகின்றன. குடியிருப்பையும் பல சமயம் தொழிலையும் சேர்த்தே சொல்கின்றன. செக்குபந்தியில் நான்கெல்லை எழுதும்போது அண்டை வீட்டுக்காரர்களின் பெயர்களும் வந்துவிடுகின்றன. பாகப்பிரிவினைப் பத்திரம் கிடைத்தால் அண்ணன் தம்பிகள் அத்தனை பேரும் ஒரே தாளில் நிற்பார்கள். ஆனால் வாடகைத் தாழ்வாரத்தில் சிராவியை வைத்து வாழ்ந்து முடித்தவர் பத்திரத்துக்குள் வருவதே அரிது. மனைவி, மகள்களின் பெயர்களும் பெரும்பாலும் சொத்தில் பங்கு வரும்போது மட்டுமே எழுதப்பட்டன. வம்சாவளியில் அவர்களுடைய இடம் வெறுமையாகக் கிடப்பதை நான் சிறிய குறையாகக் கருதவில்லை. கொண்டு கொடுத்த உறவு தெரியாமல் தாய்மாமன் யாரென்று தெரியாது; அது தெரியாவிட்டால் தொழில் சென்ற ஒரு முக்கிய வழியும் அடைபடும்.

இந்த இடத்தில் பூட்டையே ஓர் ஆவணமாகப் பார்க்கலாம். இரும்புத் தகட்டை வெட்டி, லீவர்களை அடுக்கி, சாவியின் பல்லை அரத்தால் ராவிச் சரிபார்ப்பது கைவேலை. அந்தக் கைப்பழக்கம் தகப்பனிடமிருந்து மட்டுமல்லாமல் பட்டறைக்காரரிடமிருந்தும் வருகிறது. பழைய வீடுகளிலும் கோயில்களிலும் கிடக்கும் பூட்டுகளின் உள்ளமைப்பை ஒப்பிட்டால், இரத்த உறவுக்கு வெளியே கிளைத்த பட்டறை வம்சம் ஒன்றும் புலப்படக்கூடும்.

பின்னோக்கி நடக்க உறுதியான படி ஒன்று உண்டு: 1957இல் அமைந்த பூட்டுத் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம். 2019இல் திண்டுக்கல் பூட்டுக்குக் கிடைத்த புவிசார் குறியீட்டுக்கு விண்ணப்பித்ததும் இச்சங்கமே. 1957இல் ஐம்பது வயதாயிருந்த உறுப்பினர் ஒருவர் 1907 அளவில் பிறந்தவர்; அவருடைய தகப்பன்தான் நாம் தேடும் பூட்டாசாரி. உறுப்பினர் பெயரில் தொடங்கி, அவர் தகப்பன் பெயரையும் தெருவையும் எழுதிக்கொண்டு, 1907ஐ ஒட்டிய ஐந்தாறு ஆண்டுப் பிறப்பேடுகளை வரிவரியாகப் படிக்க வேண்டும்.